மாடல் படகுக்குப் புரொப்பெல்லர்: அளப்பதும் தேர்ந்தெடுப்பதும்

1835ஆம் ஆண்டு, லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டன் என்ற ஊர். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி சுருள்வில்லில் ஓடும் ஒரு சின்னப் படகு செய்தார். அதன் பின்னால் மரத்தில் செதுக்கிய திருகு ஒன்றைப் பொருத்தி, பண்ணைக் குளத்தில் விட்டார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். 1837இல் பாடிங்டன் கால்வாயில் ஆள் ஏறும் படகில் வைத்துச் சோதித்தபோது, மரத் திருகு எதிலோ இடித்துப் பாதி உடைந்துபோனது. இரண்டு முழுச் சுற்று இருந்த திருகில் ஒரு சுற்றுதான் மிச்சம். படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்பைவிட வேகமாகப் போனது.

மாடல் படகு கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் எனக்குத் தெரியவில்லை. படகைத் தள்ளும் அந்தத் திருகுதான் புரொப்பெல்லர்; ஸ்மித்தின் புரொப்பெல்லரே ஒரு மாடல் படகில் பிறந்ததுதான். அதன் அளவு கொஞ்சம் மாறினால் படகே மாறிவிடும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. நம்மில் பலர் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். புரொப்பெல்லரை மட்டும் "பார்க்க நன்றாக இருக்கிறது, துளையும் பொருந்துகிறது" என்று வாங்கிவிடுகிறோம்.

நானும் அப்படி வாங்கியவன்தான். 40 மி.மீ. என்று பையில் எழுதியிருந்த பித்தளைப் புரொப்பெல்லர் ஒன்றை அளக்காமலே மாட்டினேன். குளத்தில் மூன்றாவது சுற்றில் ஸ்பீடு கன்ட்ரோலர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) புகைந்தது. வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் 43 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று அன்று நினைத்தேன். என்ன செய்யும் என்பதைக் கீழே கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுகள்

ஒரு புரொப்பெல்லரை அடையாளம் காட்டுபவை விட்டம், பிட்ச், இறக்கைகளின் எண்ணிக்கை, சுழலும் திசை, நடுத்துளை ஆகியவை. இதில் பிட்ச்தான் பலரைக் குழப்புகிறது. ஆனால் பள்ளியில் திருகு அளவி பிடித்தவர்களுக்கு அது புதிதே இல்லை. தலைக்கோலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் திருகு எவ்வளவு முன்னேறும் என்று அளந்து "புரியிடைத் தூரம்" என்று எழுதினோமே, அதுவேதான். தண்ணீர் கட்டியான பொருளாக இருந்து புரொப்பெல்லர் அதற்குள் திருகிக்கொண்டு போனால், ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னேறுமோ அதுதான் பிட்ச்.

தண்ணீர் கட்டியில்லை, நழுவும். அதனால் உண்மையில் முன்னேறும் தூரம் பிட்ச்சைவிடக் குறைவு. இந்த நழுவலுக்கு மெதுவான படகில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேலும், நன்றாக அமைந்த வேகப் படகில் 10 முதல் 15 சதவீதமும் ஒதுக்கிக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

பிட்ச்சை விட்டத்தால் வகுத்தால் வருவது பிட்ச் விகிதம். 40 மி.மீ. விட்டம், 56 மி.மீ. பிட்ச் என்றால் விகிதம் 1.4. வெவ்வேறு அளவுப் புரொப்பெல்லர்களை ஒப்பிட இந்த எண்தான் கைகொடுக்கும்.

அளக்கத் தொடங்குவோம்

வேண்டிய சாமான்கள்: ஒரு வெர்னியர் அளவி (டிஜிட்டல் இருந்தால் வேலை சுலபம்), கோணமானி, கவராயம், ஒரு கண்ணாடித் துண்டு, மார்க்கர் பேனா, சில நட்டு போல்ட்டுகள். வெர்னியரின் தாடைகளை மூடி முதலில் சுழிப்பிழை பாருங்கள். 0.2 மி.மீ. பிழைகூட கடைசியில் விட்டக் கணக்கைத் தவறாக்கிவிடும்.

*விட்டம்.* இரண்டு அல்லது நான்கு இறக்கை என்றால் எதிரெதிர் நுனிகளுக்கு இடையே அளந்தால் முடிந்தது. மூன்று இறக்கைக்கு எதிர்நுனி கிடையாது. இதற்கு இரண்டு வழி உண்டு. நடுத்துளையில் சரியாகப் பொருந்தும் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் தண்டு) துண்டு ஒன்றைச் செருகி, ஷாஃப்டின் வெளிப்பக்கத்திலிருந்து இறக்கை நுனி வரை அளந்து, ஷாஃப்ட் விட்டத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் வரும். அதை இரட்டித்தால் விட்டம். இன்னொரு வழி, பக்கத்துப் பக்கத்து இறக்கைகளின் நுனிகளுக்கு இடையே அளந்து 1.155ஆல் பெருக்குவது. நுனிக்கு நுனி 34.6 மி.மீ. வந்தால் விட்டம் 40 மி.மீ. நான் இரண்டையும் செய்து பார்ப்பேன். விடைகள் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு இறக்கை வளைந்திருக்கிறது என்று பொருள்.

*திசை.* வாங்கும்போது அதிகம் தவறு நடக்கும் இடம் இது. படகின் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்னே போக வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டியது வலக்கைப் புரொப்பெல்லர். எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியது இடக்கை. கையில் இருப்பது எது என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. புரொப்பெல்லரை மேசையில் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண போல்ட்டை நட்டமாக நிறுத்துங்கள். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து உங்கள் பக்கம் நீட்டியிருக்கும் இறக்கையைப் பாருங்கள். போல்ட்டின் மரை எந்தப் பக்கம் சரிந்து ஏறுகிறதோ (இடமிருந்து வலமாக மேலே) அதே பக்கம் இறக்கையும் சரிந்திருந்தால் வலக்கை. எதிராக இருந்தால் இடக்கை. புரொப்பெல்லரைக் கவிழ்த்து வைத்தாலும் விடை மாறாது.

*துளை.* மரை உள்ளதா, மழமழப்பான துளையா என்று பாருங்கள். மரை என்றால் எம்2, எம்3, எம்4, எம்5 (எண், மி.மீ. கணக்கில் போல்ட்டின் விட்டம்) போல்ட்டுகளை விரலாலேயே போட்டுப் பார்த்தால் போதும். ஸ்பேனர் தேவைப்பட்டால் அது தவறான மரை, நிறுத்திவிடுங்கள். மழமழப்பான துளைக்கு டிரில் பிட்டின் காம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வழியில் வரும் வேகப் படகுப் புரொப்பெல்லர்களில் துளை அங்குலக் கணக்கில் இருக்கும். எட்டில் ஒரு அங்குலம் என்றால் 3.18 மி.மீ., பதினாறில் மூன்று என்றால் 4.76 மி.மீ. 4.76 துளையை 5 மி.மீ. ஷாஃப்டில் தட்டி ஏற்றப் பார்க்காதீர்கள். பித்தளை நடுமையம் வெடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

*பிட்ச்.* இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு புரொப்பெல்லருக்குக் கால் மணி நேரம் ஆகும்.

ஒரு வெள்ளைத் தாளில் புள்ளி வைத்து, அதிலிருந்து 5 பாகைக்கு ஒரு கோடாக ஆரக்கோடுகள் போடுங்கள். தாளை மேசையில் வைத்து அதன்மேல் கண்ணாடித் துண்டை வையுங்கள். புரொப்பெல்லரின் முன்பக்கம், அதாவது மோட்டார் பக்கம், கீழே இருக்கும்படி நடுத்துளையைப் புள்ளிக்கு நேராக வையுங்கள். இறக்கைகள் கண்ணாடியில் இடித்தால் நடுமையத்துக்குக் கீழே ஒரு நட்டை முட்டுக் கொடுக்கலாம். இப்போது மேலே தெரிவது தண்ணீரைப் பின்னால் தள்ளும் முகம். பிட்ச் அளக்க இந்த முகம்தான் வேண்டும். மறுபக்கம் புடைப்பாக இருக்கும், அங்கே அளந்தால் தவறான விடை வரும்.

ஆரத்தில் பத்தில் ஏழு பங்குத் தொலைவில் இறக்கையின்மேல் ஒரு வில் வரைய வேண்டும். 40 மி.மீ. விட்டத்துக்கு ஆரம் 20, அதில் பத்தில் ஏழு 14 மி.மீ. துளையில் ஒரு குச்சியைச் செருகி அதன் நடுவில் கவராயத்தின் முள்ளை ஊன்றி வரையலாம். இந்தத் தொலைவை எடுப்பதற்குக் காரணம், இறக்கையின் உந்துதலில் பெரும்பங்கு அந்தச் சுற்றளவை ஒட்டித்தான் கிடைக்கிறது. நடுமையத்துக்கு அருகே வேகம் குறைவு, நுனியிலோ தண்ணீர் ஓரமாக வழிந்துவிடுகிறது.

வில், இறக்கையின் இரு ஓரங்களையும் தொடும் இடங்களில் புள்ளி வையுங்கள். நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, இரண்டு புள்ளிகளும் தாளில் எந்தெந்தக் கோட்டுக்கு மேல் விழுகின்றன என்று குறியுங்கள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் ஒரு எண். அடுத்து உயரம். இரண்டு பக்கமும் சம உயரக் கட்டைகள் வைத்து, மேலே ஓர் எஃகு அளவுகோலைப் பாலம்போல் கிடத்தி, வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியை அதிலிருந்து கீழே இறக்கி ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஆழங்களின் வித்தியாசம் இன்னொரு எண்.

பிட்ச் = உயர வித்தியாசம் × 360 ÷ கோணம்.

கோணம் 45 பாகை, வித்தியாசம் 7 மி.மீ. வந்தால், 7 × 360 ÷ 45 = 56 மி.மீ. ஒவ்வொரு இறக்கைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். வார்ப்புப் பித்தளையில் இறக்கைக்கு இறக்கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறுவது சாதாரணம். 56, 55, 50 என்று வந்தால் அந்த மூன்றாவது இறக்கை படகை அதிரவைக்கும்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. அதே பத்தில் ஏழு பங்குத் தொலைவில் இறக்கை மேசைத் தளத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அட்டையில் வெட்டிய முக்கோணங்களை வைத்துப் பாருங்கள். 20 பாகை என்றால் பிட்ச் விகிதம் 0.8. இருபத்து நாலரை என்றால் 1.0. 28.6 என்றால் 1.2. முப்பத்து இரண்டரை என்றால் 1.4. 36 என்றால் 1.6. அட்டை முக்கோணத்தில் ஒரு பாகை பிழை வருவது சகஜம். எனவே இது கடையில் நின்று தோராயமாகப் பார்க்கத்தான். வாங்கிய பின் வீட்டில் முறையாக அளந்துவிடுங்கள்.

பெயரில் இருக்கும் எண்கள்

சில தயாரிப்பாளர்கள் பெயரிலேயே அளவைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் வரிசை வேகப் படகுக்காரர்களிடையே பொது மொழிபோலவே ஆகிவிட்டது. எக்ஸ்440 என்றால் முதல் எண் 4, பிட்ச் விகிதம் 1.4 என்று பொருள். பின்னால் வரும் 40, மில்லிமீட்டரில் விட்டம். எக்ஸ்442 என்றால் அதே விகிதம், 42 மி.மீ. எக்ஸ்640 என்றால் விகிதம் 1.6, விட்டம் 40. ஆக எக்ஸ்440இன் பிட்ச் 56 மி.மீ., எக்ஸ்640இன் பிட்ச் 64 மி.மீ.

அளவு மாடல்களுக்கான (அசல் கப்பலை அதே விகிதத்தில் சிறிதாக்கிய மாடல்கள்) பித்தளைப் புரொப்பெல்லர்களிலும் பிளாஸ்டிக்கிலும் பெரும்பாலும் விட்டம், மரை, இறக்கை எண்ணிக்கை, திசை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பிட்ச்சை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விட்டம் தின்னும் மின்சாரம்

புகைந்துபோன என் ஸ்பீடு கன்ட்ரோலருக்கு இப்போது வருகிறேன். பிட்ச் விகிதமும் சுற்று வேகமும் மாறாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால், புரொப்பெல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40இலிருந்து 43க்குப் போவது 1.075 மடங்கு. அதன் ஐந்தாம் அடுக்கு 1.44. மூன்றே மில்லிமீட்டரில் 44 சதவீதச் சுமை கூடுகிறது. 40இலிருந்து 45க்குப் போனால் 80 சதவீதம். மோட்டார் திணறி வேகம் குறைவதால் உண்மையில் இந்த முழு ஏற்றமும் வராது. ஆனால் திணறும் மோட்டார்தான் ஆம்பியரை அள்ளிக் குடிக்கும்.

சுற்று வேகத்துக்கும் இப்படி ஒரு விதி உண்டு. சக்தி சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். மூன்று செல் லித்தியம் பேட்டரியிலிருந்து நான்கு செல்லுக்கு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சக்தித் தேவை 2.37 மடங்காகிறது. ஆம்பியர் சுமார் 1.8 மடங்கு. அதே ஆம்பியரில் நிற்க வேண்டுமானால் 40 மி.மீ. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு 36 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றிப் புரொப்பெல்லரை அப்படியே விடுவதுதான் மோட்டார் கருகுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம்.

ஆகவே வேகம் போதவில்லை என்றால் விட்டத்தைக் கூட்டாதீர்கள். முதலில் பிட்ச்சைக் கூட்டிப் பாருங்கள். 1.4 விகிதத்திலிருந்து 1.6க்குப் போய், விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைப்பது பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

எந்தப் படகுக்கு எது

முதலில் படகின் உடலைப் பாருங்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, அதில் அமிழ்ந்தே போகும் கப்பல், இழுவைப் படகு, மீன்பிடிப் படகு ஒரு வகை. தண்ணீர்மேல் எழும்பிச் சறுக்கும் வேகப் படகு இன்னொரு வகை. முதல் வகைக்கு இயற்கையே ஒரு வேக எல்லை வைத்திருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் மீட்டரில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 1.25ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். ஒரு மீட்டர் படகுக்கு 1.25 மீட்டர், அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு பெரிய புரொப்பெல்லர் போட்டாலும் படகு தன் அலையிலேயே ஏற முயன்று, பின்புறம் தாழ்ந்து, பேட்டரியைத்தான் காலி செய்யும்.

அளவு மாடலில் அந்த எல்லையைக்கூடத் தொடத் தேவையில்லை. அசல் கப்பலின் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், மாடல் எழுப்பும் அலை அசல் கப்பலின் அலைபோலவே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் மாடல்களைத் தொட்டியில் இழுத்துக் கண்டுபிடித்த விதி இது.

டைட்டானிக்கை 1:200 அளவில் கட்டுகிறவர்கள் ஏராளம். அதையே எடுத்துக்கொள்வோம். 269 மீட்டர் கப்பல் 1.35 மீட்டர் மாடலாகிறது. அசல் கப்பலின் பக்கவாட்டுப் புரொப்பெல்லர்கள் 23 அடி 6 அங்குலம், மாடலில் 36 மி.மீ. நடுப் புரொப்பெல்லர் 17 அடி, மாடலில் 26 மி.மீ. அசல் வேகம் 21 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). 200இன் வர்க்கமூலம் 14.14. வகுத்தால் ஒன்றரை நாட், அதாவது விநாடிக்கு 0.76 மீட்டர். நிதானமாக நடக்கிற வேகம்தான், ஆனால் கரையிலிருந்து பார்த்தால் கம்பீரமாக இருக்கும்.

இந்த வேகத்துக்கு என்ன சுற்று வேண்டும்? 36 மி.மீ. விட்டம், பிட்ச் விகிதம் 1.0, நழுவல் 20 சதவீதம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 28.8 மி.மீ. முன்னேற்றம். ஒரு நிமிடத்துக்கு 0.76 × 60 = 45.6 மீட்டர். வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்று. அவ்வளவுதான் தேவை! 12 வோல்ட்டில் 8,000 சுற்று ஓடும் மோட்டாரை நேரடியாக இணைத்தால் டைட்டானிக் வேகப் படகுபோலக் குதிக்கும். ஐந்துக்கு ஒன்று கியரோ பெல்ட்டோ போடுங்கள், அல்லது குறைந்த சுற்று மோட்டாராக வாங்குங்கள்.

இந்த மாடல் கட்டுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சேதி. டைட்டானிக்கில் புரொப்பெல்லர் பொருத்திய நிலையில் எடுத்த படம் எதுவும் கிடைக்கவில்லை. டைட்டானிக் என்று சுற்றிவரும் படங்கள் அதன் சகோதரக் கப்பல் ஒலிம்பிக்கின் படங்கள். ஒலிம்பிக்கின் நடுப் புரொப்பெல்லருக்கு நான்கு இறக்கை. டைட்டானிக்குடையதை மூன்று இறக்கை என்று குறிக்கும், கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வோல்ஃப் நிறுவனத்தின் கட்டுமானத் தளக் குறிப்பேடு பின்னாளில் வெளிவந்தது. எனவே எதைப் போடுவது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். அப்புறம், சுக்கான் நடுப் புரொப்பெல்லருக்கு நேர் பின்னால் இருக்கிறது. நடுவில் உள்ளதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் மட்டும் சக்தி கொடுத்தால் மாடல் திரும்பச் சிரமப்படும். நடுவுக்கும் ஒரு சின்ன மோட்டார் கொடுங்கள்.

இழுவைப் படகுக்கு வேகம் முக்கியமில்லை, இழுவைதான் முக்கியம். இடம் அனுமதிக்கும் பெரிய விட்டம், 0.7 முதல் 1.0 வரை பிட்ச் விகிதம், நான்கு அகன்ற இறக்கை, குறைந்த சுற்று. புரொப்பெல்லரைச் சுற்றி வளையம் வைத்த கோர்ட் நாசில் அமைப்பு (1930களில் ஜெர்மனியின் லுட்விக் கோர்ட் உருவாக்கியது) போடுவதானால், நுனி சதுரமாக வெட்டிய இறக்கை வேண்டும். நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சாதாரண வட்ட நுனிப் புரொப்பெல்லரை வளையத்துக்குள் வைத்தால் வளையம் வீண்.

வேகப் படகு வேறு உலகம். பாதி தண்ணீருக்கு மேலே, பாதி உள்ளே என்று சுழலும் புரொப்பெல்லருக்கு இரண்டு இறக்கை, 1.4 அல்லது அதற்கு மேல் விகிதம். கணக்கு எளிது. 2000 கே.வி. மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று), மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட். பெருக்கினால் சுமையில்லாமல் 22,200 சுற்று. தண்ணீரில் அதில் 80 சதவீதம், சுமார் 17,800. எக்ஸ்440இன் 56 மி.மீ. பிட்ச்சால் பெருக்கினால் நிமிடத்துக்கு 997 மீட்டர், மணிக்கு 60 கி.மீ. நழுவல் 15 சதவீதம் கழித்தால் 50 கி.மீ. படகில் ஜி.பி.எஸ். வைத்து அளந்தால் 40தான் வருகிறது என்றால் பிட்ச்சைக் கூட்டுவதில் பயனில்லை. எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது படகின் உடல் எழும்பவில்லை.

எத்தனை இறக்கை என்பதில் நிறைய விவாதம் நடக்கிறது. என் கருத்து: இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறினால் விட்டத்தில் ஓர் அளவு குறையுங்கள். கிளம்பும்போது பிடிப்பும் திருப்பத்தில் நிதானமும் கிடைக்கும், உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும்.

பொருத்தும்போது

புரொப்பெல்லர் நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி விடுங்கள். 40 மி.மீ. என்றால் 4 மி.மீ. அதைவிட நெருங்கினால் ஒவ்வொரு இறக்கையும் கடக்கும்போது அடிப்பலகையில் தட்டுவதுபோல் சத்தம் வரும்.

மரை உள்ள புரொப்பெல்லரில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஷாஃப்டில் இருப்பது சாதாரண வலமரை. வலக்கைப் புரொப்பெல்லர் முன்னே போகும்போது தண்ணீர் அதைப் பின்னுக்குப் பிடித்து, மரையைக் கழற்றப் பார்க்கும். இடக்கைப் புரொப்பெல்லர் முன்னே போகும்போது இறுகும், பின்னே போகும்போது கழலும். எனவே இரண்டுக்கும் பின்னால் பூட்டு நட் போட்டு, நட்டும் புரொப்பெல்லரும் ஒன்றையொன்று இறுக்கும்படி எதிரெதிராகத் திருகுங்கள். இரட்டைப் புரொப்பெல்லர் படகில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி குளத்தில் தொலைவதற்குக் காரணம் இதுதான்.

இரட்டைப் புரொப்பெல்லருக்கு ஒரு வலக்கை, ஒரு இடக்கை எடுங்கள். இரண்டும் மேல்பக்கத்தில் வெளிப்புறமாகச் சுழலும்படி வைத்தால் துறையில் திருப்புவது சுலபம். ஒற்றைப் புரொப்பெல்லர் படகு பின்னே போகும்போது நேராகப் போகாது. வலக்கை என்றால் பின்புறம் இடப்பக்கம் இழுக்கும். அது பழுதில்லை, ஒற்றைப் புரொப்பெல்லர் கொண்ட பெரிய கப்பல்களுக்கும் உள்ள குணம்.

வேகப் படகின் வளையும் ஷாஃப்ட் கம்பியிழைகளை முறுக்கிச் செய்தது. ஒரு திசையில் சுற்றினால் இறுகும், மறுதிசையில் பிரியும். புரொப்பெல்லரின் திசையை மாற்றும் முன் இதைப் பாருங்கள். சுமையில் அது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதற்காகப் புரொப்பெல்லருக்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் துண்டுக்கும் ஷாஃப்டின் தாங்கிக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால், உராய்வில் தாங்கி தேய்ந்துவிடும்.

சமனும் கூர்மையும்

புதுப் புரொப்பெல்லரைத் துளைக்குப் பொருந்தும் கம்பியில் கோத்து, மட்டமாக நிறுத்திய இரண்டு சவர பிளேடுகளின் விளிம்பில் கம்பியை வையுங்கள். கனமான இறக்கை கீழே வந்து நிற்கும். அதைத் தேய்க்க வேண்டியது முன்பக்கப் புடைப்பில்தான். தண்ணீரைத் தள்ளும் முகத்தைத் தொட்டால் சற்று முன் அளந்த பிட்ச் மாறிவிடும். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஆக்டுரா போன்ற பல வேகப் படகுப் புரொப்பெல்லர்கள் பெரிலியம் கலந்த செம்பில் வார்த்தவை. பெரிலியத் தூளைச் சுவாசித்தால் ஆறாத நுரையீரல் நோய் வரக்கூடும். உலர்வாக அரம் போடாதீர்கள், மோட்டாரில் சுழலும் உப்புத்தாளில் தேய்க்கவே கூடாது. தண்ணீருக்குள் அமிழ்த்தி ஈர உப்புத்தாளால் தேயுங்கள், முகமூடி போடுங்கள், துடைத்த துணியை மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவதே மேல் என்பேன். கூர் தீட்டிய உலோகப் புரொப்பெல்லர் ஒரு கத்தி. மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தண்ணீரில் சோதனை

பேட்டரிக்கும் ஸ்பீடு கன்ட்ரோலருக்கும் இடையே ஒரு வாட் மீட்டரை இணையுங்கள். அளவு மாடல்களையும் இழுவைப் படகுகளையும் கரையோரத்தில் கயிற்றால் கட்டி, மெல்ல மெல்ல முழு வேகத்துக்குக் கொண்டுபோங்கள். கயிற்றில் ஒரு தொங்கு தராசை மாட்டினால் இழுவை எத்தனை கிராம் என்றும் தெரிந்துவிடும். கட்டிய நிலையில் ஆம்பியர் உச்சத்தில் இருக்கும். ஸ்பீடு கன்ட்ரோலரில் எழுதியுள்ள அளவில் முக்கால் பங்கைத் தாண்டினால் அடுத்த சின்ன அளவுக்கு இறங்குங்கள். வீட்டுத் தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் தொட்டிக்குள்ளேயே சுற்றி வந்து புரொப்பெல்லரின் சுமையைக் குறைத்து, பொய்யான எண்ணைக் காட்டும்.

வேகப் படகைக் கட்டிவைத்துச் சோதிக்க முடியாது. ஒரு நிமிடம் ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து, மோட்டாரிலும் ஸ்பீடு கன்ட்ரோலரிலும் பேட்டரியிலும் கை வையுங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சுமார் 60 பாகையைத் தாண்டிவிட்டது, புரொப்பெல்லர் பெரியது. சூடே இல்லை, வேகமும் போதவில்லை என்றால் பிட்ச்சைக் கூட்ட இடமிருக்கிறது.

மோட்டார் சத்தம் திடீரென உயர்ந்து படகு மட்டும் போகாமல் நின்றால், புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுக்கிறது. பின்புறத்தில் கொஞ்சம் எடை வைத்துத் தாழ்த்துங்கள், அல்லது அகன்ற இறக்கை போடுங்கள். 1894இல் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸின் நீராவி டர்பைன் கப்பலான டர்பினியா முதலில் வேகம் எடுக்காமல் போனதற்குக் காரணம் இதன் நெருங்கிய உறவு. புரொப்பெல்லர் மிக வேகமாகச் சுற்றி, தண்ணீரே ஆவிக் குமிழிகளாக உடைந்தது. அவர் அதைத் தொட்டியில் சின்னப் புரொப்பெல்லர்களை வைத்து ஆராய்ந்து, கடைசியில் மூன்று ஷாஃப்டுகளில் தலா மூன்று என ஒன்பது புரொப்பெல்லர் பொருத்தித் தீர்த்தார்.

நம் ஏரி குளங்களில் பாசியும் ஆகாயத்தாமரை வேரும் தனித் தொல்லை. சிக்கியதும் உடனே நிறுத்திவிடுங்கள், பிய்த்துக்கொண்டு போகும் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். எடுத்துச் சுத்தம் செய்த பின், நுனிக்கு நுனி தூரத்தை மறுபடி வெர்னியரில் ஒருமுறை பாருங்கள்.

ஒரு சின்ன நோட்டைப் படகுப் பெட்டியிலேயே வையுங்கள். என் இழுவைப் படகுக்கு எழுதியது இப்படி இருக்கும்: நான்கு இறக்கை, வலக்கை, அளந்த விட்டம் 49.6, அளந்த பிட்ச் 41, எம்4, கட்டிய நிலையில் 6.2 ஆம்பியர், இழுவை 710 கிராம், பத்து நிமிடத்தில் மோட்டார் கைச்சூடு. அடுத்த புரொப்பெல்லர் வாங்கப் போகும்போது அந்தப் பக்கத்தையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.